கூவத்தை அழுக்காக்குவது யார்?

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

'தன் முதுகு தனக்குத் தெரியாது' என்பார்கள் பெரியோர். இந்தப் பழமொழியின் பொருள் எனக்கு நன்றாக விளங்கியது, எங்கள் தெருமுனையில் உள்ள மழைநீர் வடிகாலின் அருகே ஒரு மாலையில் நின்றபோதுதான். அந்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர், "கூவம் ஏன் நாறுகிறது?" என்று வகுப்பில் கேட்டார்கள். நான் கையை உயர்த்தி எழுந்து, "கரையோரக் குடிசைகளில் இருப்பவர்கள் அசுத்தம் செய்வதால், சிஸ்டர்" என்று பளிச்சென்று பதில் சொன்னேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது மூன்றாவது பெஞ்சில் இருந்த தோழி ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய வீடு கூவக் கரையில்தான் இருந்தது. சிஸ்டர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாயா? ஒருநாள் எல்லாருமாகப் போய்ப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்கள்.

அதற்குள் சில மாதங்கள் ஓடிவிட்டன. அந்தத் தோழியின் குடும்பத்துக்குப் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கப்பட்டு, அவர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். பள்ளிக்கு இருபது கிலோமீட்டருக்கும் மேல் தொலைவு. சிறிது நாள் இரண்டு பேருந்து மாறி வந்தாள், பிறகு நின்றுவிட்டாள். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, கூவம், அடையாறு ஆகிய ஆறுகளின் கரைகளிலிருந்து இப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டுள்ளன. குடிசைகள் போய்விட்ட கரைகளில் வேலி போட்டிருக்கிறார்கள். ஆனால் தோழியரே, ஆற்று நீர் மட்டும் இன்னும் கறுப்பாகத்தான் ஓடுகிறது. அப்படியானால் அதை அழுக்காக்குவது யார்?

ஓர் ஆற்றின் கதை

கூவம் பிறக்கும்போதே சாக்கடையாகப் பிறக்கவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள கூவம் என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய இந்த ஆறு, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடி, நேப்பியர் பாலத்தருகே வங்கக் கடலில் கலக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளல் பச்சையப்பர், கோமளீசுவரன்பேட்டையில் இந்த ஆற்றில் நீராடிவிட்டுத்தான் கோயிலுக்குச் செல்வார் என்று சொல்வார்கள். இன்று அங்கே காலை நனைக்கவும் ஒருவரும் துணியமாட்டார்கள்.

ஆற்றின் போக்கிலும் ஒரு குறை உண்டு. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் மேலிருந்து நல்ல தண்ணீர் வருவதே இல்லை. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு அதன் தென்புறத்தில் மணல் சேர்ந்து மெரினா கடற்கரை அகன்றது. அதே மணல் கூவத்தின் முகத்துவாரத்தையும் அடிக்கடி அடைத்துவிடுகிறது. மேலே வரவு இல்லை, கீழே போக்கு இல்லை. நடுவில் சேர்வதெல்லாம் நகரத்தின் கழிவுநீர்தான். ஆகவே, கலந்த அசுத்தம் கலந்த இடத்திலேயே தேங்கி நிற்கிறது.

சாட்சி சொல்லும் நுண்ணுயிர்

கறுப்பு நிறமும் துர்நாற்றமும் நம் கண்ணுக்கும் மூக்கும் தெரிபவை. அவற்றைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாதது. மனிதக் கழிவு நீரில் கலந்தால் காலரா, டைபாய்டு, சீதபேதி, ஒருவகை மஞ்சட்காமாலை ஆகிய நோய்களின் கிருமிகளும் அதனுடன் கலக்க வழி ஏற்படுகிறது. ஆனால் ஒவ்வொரு நோய்க் கிருமியையும் தனித்தனியே தேடிக் கண்டுபிடிப்பது கடினம், செலவும் அதிகம். அதனால் விஞ்ஞானிகள் ஒரு சாட்சியைத் தேடுகிறார்கள்.

அந்தச் சாட்சியின் பெயர் எஷெரிச்சியா கோலை, சுருக்கமாக ஈ.கோலை. 1885-ஆம் ஆண்டு தியோடர் எஷெரிச் என்னும் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் இதைக் கண்டறிந்தார். மனிதருடைய குடலிலும் மாடு, நாய், பறவை முதலியவற்றின் குடலிலும் இது வாழ்கிறது. பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை. ஆனால் நீரில் இது காணப்பட்டால், அந்த நீரில் அண்மையில் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். திருடனைப் பார்க்காவிட்டாலும், அவனுடைய கால் தடத்தைப் பார்த்துவிட்டோம் அல்லவா? அது போலத்தான்.

ஆய்வுக்கூடத்தில் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் சேர்த்த திரவத்தில் சில அளவுகளில் நீரை விட்டு, இளஞ்சூட்டில் வைப்பார்கள். இத்தகைய பாக்டீரியாக்கள் இருந்தால் லாக்டோஸ் புளித்து வாயு உண்டாகும். உடல் வெப்பத்தைவிட அதிகமான 44.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தும் அவை வளர்ந்தால், அவை குடலிலிருந்து வந்தவை என்று முடிவு செய்வார்கள். எத்தனை குழாய்களில் வாயு தோன்றியது என்பதை அட்டவணையோடு ஒப்பிட்டு எண்ணிக்கையைக் கணக்கிடுவார்கள். குடிநீரில் 100 மில்லி லிட்டருக்கு ஒரு ஈ.கோலைகூட இருக்கக்கூடாது. குளிக்கும் ஆற்றுநீரில் மலக் கோலிஃபார்ம் எனப்படும் இவ்வகைப் பாக்டீரியாக்கள் 100 மில்லி லிட்டருக்கு 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது. 2,500-ஐத் தாண்டக்கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி. சுத்திகரிக்காத சாக்கடை நீரிலோ இந்த எண்ணிக்கை கோடியைத் தொடும்!

வரும் வழிகள்

இத்தனை பாக்டீரியாக்கள் ஆற்றுக்கு எந்தெந்த வழியாக வருகின்றன? எங்கள் அறிவியல் மன்றத்தில் சிஸ்டர் விளக்கியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதல் வழி, பாதாளச் சாக்கடை பொங்குவது. சென்னையின் பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910-ஆம் ஆண்டையொட்டி வகுக்கப்பட்டது. 1961-இல் நகரில் 6.6 லட்சம் மக்கள் இருப்பார்கள் என்று அன்று கணக்கிட்டார்கள். ஆனால் 1961-இல் எண்ணிப் பார்த்தபோது 17 லட்சம் பேர் இருந்தார்கள்! குழாய்களைப் பலமுறை விரிவாக்கியும் நகரம் அவற்றை முந்திக்கொண்டே ஓடுகிறது. நாம் கழிப்பறையில் போடும் துணியும் பிளாஸ்டிக் உறைகளும் குழாயை அடைத்துக்கொண்டால், கழிவுநீர் மேலே பொங்கி, அருகிலுள்ள மழைநீர் வடிகாலில் இறங்கிவிடுகிறது. அந்த அடைப்பை நீக்கப் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆயினும் நச்சுவாயு தாக்கி உயிரிழந்தோர் பற்றிய செய்திகள் இன்னும் நின்றபாடில்லை.

இரண்டாவது, கள்ள இணைப்பு. சென்னையில் கழிவுநீருக்கு ஒரு குழாய். மழைநீருக்கு வேறு வடிகால். கழிவுநீர்க் குழாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. மழைநீர் வடிகால் நேரே ஆற்றுக்கோ கால்வாய்க்கோ செல்கிறது. வீட்டுக் கழிப்பறைக் குழாயை மழைநீர் வடிகாலில் இணைத்துவிட்டால், அந்த வீட்டுக் கழிவு எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆற்றுக்குப் போய்ச் சேரும்.

மூன்றாவது, செப்டிக் டாங்க். பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர்ப் பகுதிகளில் இதுதான் வழக்கம். காலத்தில் சுத்தம் செய்யாவிட்டால் இது நிரம்பி வழியும். விரிசல் விட்டால் நிலத்தடியில் கசியும். லாரியில் உறிஞ்சி எடுத்துச் செல்லும் கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்க்காமல், இரவோடு இரவாக நீர்நிலையில் கொட்டிவிடுவோரும் உண்டு.

நான்காவது, கழிப்பறை வசதி இல்லாதவர்கள் கரையை நாடுவது. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் வசதி இல்லாததால் ஏற்படும் குறை இது.

ஐந்தாவது, விலங்குகள். தெருவில் திரியும் மாடுகள், நாய்கள், மாட்டுத் தொழுவங்கள் ஆகியவற்றின் கழிவை முதல் மழை அடித்துக்கொண்டு போகிறது. ஒரே ஒரு கிராம் நாய்க் கழிவில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன.

ஆறாவது, சுத்திகரித்த நீரேகூட. 99 சதவீதப் பாக்டீரியாக்களை அகற்றிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லி லிட்டரில் ஒரு கோடி இருந்தால் மிச்சம் ஒரு லட்சம்! ஆகவேதான் கடைசியில் குளோரின் போன்றவற்றால் கிருமி நீக்கமும் செய்ய வேண்டியிருக்கிறது.

ஏழாவது, ஆற்றின் சேறு. வெயிலும் கடலின் உப்பும் பாக்டீரியாக்களைக் கொல்லும். ஆனால் சேற்றுக்குள் புதைந்தவை பல நாட்கள் பிழைத்திருக்கும். வெள்ளம் சேற்றைக் கலக்கும்போது அவை மீண்டும் நீரில் மிதக்கும்.

மழையில்லா நாளில் மழைநீர்

சென்ற பிப்ரவரி மாதத்தில், சொன்னபடியே சிஸ்டர் எங்கள் அறிவியல் மன்றத்தினரைக் கூவத்தின் மீதுள்ள ஒரு பாலத்துக்கு அழைத்துச் சென்றார்கள். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு கீழே பார்த்தோம். ஆற்றுச் சுவரில் ஒரு பெரிய குழாய் வாயிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதில் சோப்பு நுரை மிதந்தது.

"அது என்ன குழாய் தெரியுமா?" என்று சிஸ்டர் கேட்டார்கள்.

"மழைநீர் வடிகால், சிஸ்டர்."

"கடைசியாக மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று?"

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. ஒரு மாதமாக ஒரு துளி மழையும் இல்லை. பின் எங்கிருந்து வந்தது இந்த மழைநீர்?

மாசு வரும் வழியைக் கண்டுபிடிக்கும் எளிய முறை இதுதான் என்று சிஸ்டர் விளக்கினார்கள். மழையில்லா நாளில் மழைநீர் வடிகால் காய்ந்து கிடக்க வேண்டும். அதில் நீர் ஓடினால், எங்கோ ஒரு குழாய் தவறாகச் சேர்ந்திருக்கிறது அல்லது எங்கோ சாக்கடை பொங்குகிறது. வடிகாலைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கி நடந்தால், வழி தெரிந்துவிடும். சோப்பும் அம்மோனியாவும் நீரில் இருந்தால், வீட்டுக் கழிவு என்பதற்கு மேலும் சான்று. இன்னும் துல்லியமாக அறிய, பாக்டீராய்டிஸ் என்னும் குடல்வாழ் பாக்டீரியாவின் மரபணுவைச் சோதித்து, அது மனிதரிடமிருந்து வந்ததா, மாட்டிடமிருந்து வந்ததா என்றுகூட விஞ்ஞானிகள் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தக் குழாய்க்கு மேலே கரையில் ஒரு குடிசையும் இல்லை. பின்னால் இருந்தவை மாடி வீடுகளும் கடைகளும்தான். பாக்டீரியாவுக்கு ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு கிடையாது. தலைக்கு ஒரு பங்கு என்று அது கணக்காக வருகிறது. பழைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 46 லட்சம் பேர் இருந்தார்கள். கரையில் இருந்தவர்கள் அவர்களில் ஒரு சிறு பகுதியினரே. மற்றவர்களின் பங்கு எங்கே போகிறது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

எங்கள் வீட்டுக் குழாய்

சிஸ்டர் எங்களில் சிலருக்குச் சிறிய சோதனைக் குப்பிகளைக் கொடுத்தார்கள். இந்திய விஞ்ஞானிகள் 1982-இல் வெளியிட்ட எளிய முறை இது. குப்பியில் நீரை ஊற்றி மூடி, நிழலில் இரண்டு நாள் வைக்க வேண்டும். குடல்வாழ் பாக்டீரியாக்கள் இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகி, உள்ளே இருக்கும் இரும்புச் சத்துடன் சேர்ந்து நீர் கறுத்துவிடும். கறுத்தால் சந்தேகம் என்று பொருள். உறுதி செய்ய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

எங்கள் வீடு பழைய வீடு. கொல்லையில் ஒரு கிணறு உண்டு. குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் அந்த நீர்தான். அந்த நீரை ஒரு குப்பியிலும், கொதிக்க வைத்து ஆறிய நீரை இன்னொன்றிலும் ஊற்றி அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலையில் கிணற்று நீர் மைபோல் கறுத்திருந்தது. கொதித்த நீர் மாறவில்லை. பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியிலதானே கண்ணு இத்தனை நாளா வாய் கொப்புளிச்சேன்!" என்றார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அறிக்கையிலும் ஈ.கோலை இருப்பதாகவே எழுதியிருந்தது.

அப்பா பிளம்பரை அழைத்தார். கழிப்பறைக் குழாய் கிணற்றின் அருகே விரிசல் விட்டிருந்தது. அதைச் சரி செய்தபோது நான், "அண்ணா, இந்தக் குழாய் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "தெருவில இருக்கிற மழைத்தண்ணி வடிகாலுக்குத்தாம்மா. இந்தத் தெருவுல பாதி வீடு இப்படித்தான்" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மா துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் அரைப் புட்டியைக் கழிப்பறையில் ஊற்றி, இரண்டு வாளித் தண்ணீரையும் ஊற்றிவிட்டுத் தெருமுனைக்கு ஓடினேன். வடிகாலின் மூடி அங்கே உடைந்து கிடக்கிறது. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். சில நிமிடங்களில் சாம்பல் நிற நீரின் நடுவே நீலக் கோடு ஒன்று வந்தது. பிறகு நீர் முழுவதும் நீலமாகிக் கூவத்தை நோக்கி ஓடியது.

அப்போதுதான் என் முதுகை நான் பார்த்தேன்.

பாரிஸ் நகரின் பாடம்

இந்தத் தவறு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. பாரிஸ் நகரின் சேன் நதியில் 1923-ஆம் ஆண்டிலிருந்து குளிப்பதற்குத் தடை இருந்தது. 2024-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியை முன்னிட்டு, ஏறத்தாழ 140 கோடி யூரோ செலவில் அந்த நதியைத் தூய்மைப்படுத்தினார்கள். பெருமழை நீரைப் பிடித்து வைக்கப் பூமிக்கடியில் பெரிய தொட்டி கட்டினார்கள். சுத்திகரிப்பு நிலையங்களில் கிருமி நீக்க வசதி செய்தார்கள். அத்துடன் வீடு வீடாகச் சென்று, மழைநீர்க் குழாயில் தவறாகச் சேர்ந்திருந்த கழிவுநீர்க் குழாய்களைத் தேடித் திருத்தினார்கள். அப்படியும் போட்டி நேரத்தில் மழை பெய்து பாக்டீரியா கூடிவிட்டதால், ஜூலை 30-ஆம் நாள் நடக்க வேண்டிய பந்தயத்தை மறுநாளுக்குத் தள்ளி வைத்தார்கள். எனினும் முயற்சி வீணாகவில்லை. 2025 ஜூலையில் பொதுமக்கள் மீண்டும் அந்த நதியில் நீந்தினார்கள். நூறு ஆண்டு அழுக்கும் நீங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்களை அரசாங்கம் செய்ய வேண்டும். ஆனால் நம் வீட்டுக் குழாயை நாம்தான் பார்க்க வேண்டும். பெற்றோரே, உங்கள் கழிப்பறைக் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்று ஒருமுறை விசாரியுங்கள். செப்டிக் டாங்க் இருந்தால் காலத்தில் சுத்தம் செய்யுங்கள். லாரி கழிவை எங்கே கொண்டுபோகிறது என்றும் கேளுங்கள். தோழியரே, துணியையும் பிளாஸ்டிக்கையும் கழிப்பறையில் போடாதீர்கள். கிணற்று நீரை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துப் பாருங்கள். குடிக்கும் நீரை நன்றாகக் குமிழிவிடும் வரை கொதிக்க வையுங்கள். மழையில்லா நாளில் மழைநீர் வடிகாலில் நீர் ஓடினால், வார்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

அப்பா முதலில் தயங்கினார். "எல்லாரும் இப்படித்தானே இருக்கிறார்கள்? சாலையை வெட்ட வேண்டும், பணம் கட்ட வேண்டும்" என்றார். இரண்டு நாள் கழித்து அவராகவே, "அந்த நீலத் தண்ணீர் கண்ணிலேயே நிற்கிறதும்மா" என்று சொல்லி, பாதாளச் சாக்கடை இணைப்புக்கு விண்ணப்பம் கொடுத்தார். இதை எழுதும்போது பணம் கட்டியாகிவிட்டது; சாலை வெட்டும் நாளுக்காகக் காத்திருக்கிறோம். அதுவரை ஒவ்வொரு முறை வாளித் தண்ணீரை ஊற்றும்போதும் எனக்குக் கூவத்தின் நினைவுதான்.

பெரும்பாக்கத்துக்குப் போன என் தோழிக்கு ஒரு கடிதம் எழுதினேன். வகுப்பில் நான் சொன்னது தவறு என்றும், நாங்கள் ஊற்றிய தண்ணீரின் பழியை அவள் சுமந்தாள் என்றும் எழுதினேன். அவள் பதில் எழுதியிருந்தாள். "உன்மேல் கோபம் இல்லை. கூவம் இப்போது சுத்தமாகிவிட்டதா?" என்று கேட்டிருந்தாள்.

அவளுக்கு நான் என்ன பதில் எழுதுவது? 'ஆகிவிட்டது' என்று எழுதும் நாள் என் கையில் மட்டும் இல்லை. இதைப் படிக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது.